உளுந்தின் மேல் பன்னிரண்டு சுற்று

போன ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் பீச் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். மாரத்தானாம், ரோட்டை மூடியிருக்கிறார்களாம், ஒன்பது மணிக்கு மேல் வரச் சொன்னார். நான் போனது மீன் வாங்க. என் வயிற்றைப் பார்த்த பிறகு, ஓட வந்தவனாக இருக்குமோ என்று அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. இரும்புத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த நீலப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், மீனை மறந்துவிட்டேன்.

ரோட்டை மூடிப் பந்தயம் நடத்துவதை நாங்கள் முப்பது வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்துவிட்டோம். சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். நீங்களாவது நம்புங்கள்.

அப்போது எனக்கு கடலூரில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை, புதிதாகச் சேர்ந்திருந்தேன். சாயங்காலமெல்லாம் முதுநகரில் ஆரோக்கியத்தின் மெக்கானிக் ஷெட்டில் கிடப்பேன். ஷெட்டில் எனக்கு ஒரு வேலையும் தெரியாது; ஸ்பானரை எடுத்துக் கொடுப்பேன், அதுவும் பெரும்பாலும் தப்பான நம்பர். ஆரோக்கியம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, சரியானதைத் தானே எடுத்துக்கொள்வான். அவன் ஓட்டிய வண்டி மூன்று பழைய வண்டிகளின் பிரேதங்களிலிருந்து அவனே கட்டியது. சத்தம் வந்தால் தெருவில் நாய்கள் முதலில் எழுந்து வழிவிடும்.

ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துவதென்று முடிவு செய்தார்கள். புவனகிரி தாண்டி, சிதம்பரத்துக்குக் கொஞ்சம் இப்பால், மூன்று கிராமத்து ரோடுகள் முக்கோணமாகச் சேரும் இடம் ஒன்று கிடைத்தது. சுற்றுக்கு நாலு கிலோமீட்டர், பன்னிரண்டு சுற்று. வளைவுகளில் வைக்கோல் கட்டு, ஓரத்தில் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் கொடுத்த பழைய வலை. முடிவுக் கொடிக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கைலி. மெட்ராஸிலிருந்து பந்தய டீம் வைத்திருந்த ஒருவர் கூலிங் கிளாஸோடு வந்து, ஜெயிக்கிறவனுக்குத் தன் டீமில் வண்டி தருவதாகச் சொல்லியிருந்தார். ஆரோக்கியம் இரண்டு மாதமாக இதற்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு இரண்டு பொறுப்புகள். ஒன்று, ஆட்டோவில் மைக் கட்டி கிராமங்களில் படிக்க வேண்டிய அறிவிப்பை எழுதுவது. ஆபீசில் மனு எழுதி மெருகேறிய கை அல்லவா, தெளிவாக எழுதினேன்: 'ஞாயிறு காலை எட்டு மணி முதல் இருபது வண்டிகள் நிற்காமல் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். வேறு எந்த வாகனமும் வராது. பொதுமக்கள் இதற்கேற்ப நடந்துகொள்ளவும்.'

பொதுமக்கள் அதற்கேற்பவே நடந்துகொண்டார்கள். பங்குனி மாதம், அந்தப் பக்கம் வயலெல்லாம் உளுந்து அறுவடை. செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிட்டு, பஸ்ஸோ லாரியோ மிதித்துக் கொடுக்கும் என்று காத்திருப்பது அங்கே வழக்கம். காலையில் நான் எனக்கு ஒதுக்கியிருந்த வளைவுக்குப் போனபோது ரோட்டில் பாதி அகலத்துக்கு உளுந்துச் செடி, பாய் விரித்த மாதிரி. பக்கத்தில் மதகின் மேல் அந்த உளுந்துக்குச் சொந்தக்காரரான செந்தாமரை அக்கா, கையில் புரட்டுகிற கொம்போடு. எடுக்கச் சொன்னேன்.

"நீங்கதான தம்பி மைக்குல சொன்னீங்க, நிக்காம சுத்தும்னு? அதுக்குத்தான் நேத்தே புடுங்கிப் போட்டேன்" என்றார். வண்டிகளைப் பார்த்ததும் அவருக்கே ஏமாற்றம். "ரெண்டு சக்கரத்துல என்னா உதிரும்? நாலு லாரி வுடக்கூடாதா?"

என் இரண்டாவது பொறுப்பு கொடி. வளைவில் ஆபத்து என்றால் மஞ்சள் கொடி காட்ட வேண்டும். மஞ்சள் துணி கிடைக்காததால் கல்யாண வீட்டு மஞ்சப்பையைக் கம்பில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மணமக்கள் பெயரோடு அதை ஆட்டுவேன், உளுந்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்து மற்ற பாதியில் ஒதுங்கிப் போவார்கள். சிலர் ஏறியும் போனார்கள், அக்காவுக்குத் திருப்தி. நான் சுற்றுக்கு ஒரு கூழாங்கல்லை மதகிலிருந்து கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆரோக்கியம்தான் முதலில் வந்தான். அவனுக்குப் பின்னால் பாண்டிச்சேரிக்காரன் ஒருவன், வால் பிடித்த மாதிரி.

பன்னிரண்டாவது கல்லும் விழுந்தது. பந்தயம் முடிந்தது, ஆரோக்கியம் ஜெயித்துவிட்டான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உதிர்ந்த உளுந்தை அள்ள அக்கா பை கேட்டார். கம்பிலிருந்து கொடியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, நானும் ரோட்டின் நடுவில் குந்தி அள்ளினேன்.

போட்டிக்கு முன் வழி பார்க்க ஒரு சுற்று மெதுவாக வருவார்கள், அதை எண்ணக்கூடாது என்று காலையில் சொல்லியிருந்தார்களாம். அவர்கள் சொன்னபோது நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் முதல் கல் அந்தச் சுற்றுக்குத்தான் விழுந்திருந்தது.

சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது ஆரோக்கியம் இருபது அடி தூரத்தில். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். வண்டியை ஒடித்தான். வைக்கோல் கட்டு, வலை, வாய்க்கால் எல்லாவற்றையும் கடந்து சேற்றில் போய் விழுந்தான். அதற்குள் நாங்கள் ஓரத்துக்குத் தாவியதில் காலியான பாதி ரோட்டில் பாண்டிச்சேரிக்காரன் அழகாகப் போய்விட்டான்.

அரைமணி நேரத்தில் கூலிங் கிளாஸ்காரர் வந்தார், கூடவே இன்ஸ்பெக்டரும். கொடி காட்டவில்லை என்றால் எழுதிக் கொடு, திரும்ப ஓட்டச் சொல்கிறேன் என்றார் கூலிங் கிளாஸ்காரர். எழுதிக் கொடுத்தால் கொடிக்காரன் மேல் கேஸ் என்றார் இன்ஸ்பெக்டர். ஆரோக்கியத்தின் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அவன் என்னைப் பார்த்தான். செந்தாமரை அக்கா கையில் பாதி உளுந்து நிரம்பியிருந்த கொடியைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"காட்டுனாங்க சார். நான்தான் பாக்கல."

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறேன், மேடையில்கூட. அன்றைக்குப் பேசியிருக்க வேண்டிய ஒரு வரியை மட்டும் பேசவில்லை. கிளம்பும்போது அக்கா அந்த மஞ்சப்பையை என் கையில் திணித்தார், இரண்டு படி உளுந்தோடு. வீட்டில் வடை சுட்டார்கள். நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் அது பொய். நாலு சாப்பிட்டேன்.

ஆரோக்கியம் ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டிப் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில் ஒரே கேள்விதான்: "எத்தன ரவுண்டு மச்சான்?" டீக்கடையில் கேட்டான். என் கல்யாணத்தில் மேளம் ஓய்ந்த இடைவெளியில் கேட்டான். கடைசியில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு அவன் படுத்திருந்தபோதும் கேட்டான்.

அந்த முக்கோணத்தில் ஒரு பக்கத்தை இப்போது நாலுவழிச் சாலை விழுங்கிவிட்டது. மதகு இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க். உளுந்தை மெஷின் அறுத்து மெஷினே உதிர்த்துவிடுகிறது, ரோட்டுக்கு வருவதில்லை. ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை.

பன்னிரண்டுடா. வழி பார்க்கும் சுற்றைச் சேர்க்காமல் பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்போது சரியாகச் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.