எட்டு வந்த நம்பர்

அனுசியா பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். சிலமலையிலிருந்து தினமும் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்க ஜீப்பில் போகிறாள். படித்து என்ன கண்டாய் என்று பலரும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு நம்பரைப் பார்த்துவிட்டால் அது எதால் வகுபடும் என்று பார்க்காமல் விடமாட்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் வரும் பயத்துக்கு அதுதான் அவளுக்கு மருந்து.

போன மாதம் எஸ்டேட்டில் மார்பகப் புற்றுநோய் முகாம் நடந்தது. ஜீப்பில் வந்த பதினான்கு பெண்களும் வரிசையில் நின்றார்கள். பெயர் வெளியே தெரியக்கூடாதென்று ஆளுக்கொரு நீளமான நம்பரை, ஒன்றன்பின் ஒன்றாக, சீட்டில் கொடுத்தார்கள். அதை யார் மனப்பாடம் செய்வது? ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிப் பார்த்து, "எனக்கு ஆறு", "எனக்கு மூணு" என்று அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அனுசியாவுக்கு எட்டு. சனியனுடைய எண் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடுகிற நல்ல நம்பர் இது என்று அவள் சிரித்தாள். சீட்டை ஜாக்கெட்டோடு சேர்த்துத் துவைத்தும்விட்டாள்.

இன்று காலை ஜீப்பு மலையேறும்போது முகாமில் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்த அய்யம்மாளின் போனுக்குத் தகவல் வந்தது. 38411261, உடனே மதுரைக்கு வரவும். ஒரே ஒரு நம்பர். அய்யம்மாள் சத்தமாகக் கூட்டினாள்.

"இருவத்தாறு... எட்டு. ஏத்தா அனுசியா, உனக்குத்தான எட்டு?"

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இனி யார் தலை பின்னிவிடுவார்கள் என்பதுதான் அனுசியாவுக்கு முதலில் தோன்றியது. பக்கத்தில் இருந்த செல்லக்கிளி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாதுத்தா. நான் இருக்கேன்ல."

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. பயத்தில், பழக்கத்தில், அனுசியா அந்த நம்பரைப் பதினொன்றால் வகுத்தாள். மீதி ஒன்பது. நம்பாமல் மறுபடி வகுத்தாள். ஒன்பதேதான்.

"அக்கா, இது என் நம்பரு இல்ல! என்னது மீதியில்லாம வகுபடும்க்கா!"

அழுகையும் சிரிப்புமாக அவள் கத்த, ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் உயிர் வந்தது.

"அப்ப யாருதுடி? வேற யாருக்கும் எட்டு வரலயே," என்றாள் அய்யம்மாள்.

அனுசியா அதற்குள் கணக்கைப் போட்டுவிட்டாள். தொடர்ந்து வரும் நம்பர்களில் ஒன்பதுக்கு ஒருமுறை அதே கூட்டு எண் திரும்ப வரும். மீதியும் ஒன்பது, அதாவது தன் நம்பரைவிட ஒன்பது கூட. அப்படியானால் வரிசையில் தனக்குப் பின்னால் ஒன்பதாவதாக நின்றவள். முகம் முகமாக நினைவில் எண்ணினாள். ஒன்பதாவது முகத்தில் நின்றதும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். தான் சிரித்ததை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அவள் கையைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

"எனக்கும் எட்டுதான்த்தா," என்றாள் செல்லக்கிளி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "சனியன் எண்ணுன்னு பயந்துபோயி ஒம்பதுன்னு சொல்லிட்டேன். சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

அனுசியா டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. நானும் செல்லக்கிளி அக்காவும் எறங்குறோம். மதுரைக்குப் போகணும்."