தரையிறங்கும் முன் செய்த போன்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நான் லீவுக்குச் சொந்த ஊரான முட்டத்துக்கு வந்துகொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் இறங்கும் நேரத்தில், ஹைட்ராலிக் கோளாறு என்றும், சக்கரங்களை வேறு முறையில் இறக்கும்வரை கடல்மேல் வட்டமடிப்போம் என்றும் பைலட் அறிவித்தார்.

"பைலட்டுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டுலா அண்ணே, பத்திரமா இறக்குவாரு" என்றார் பக்கத்து சீட் குளச்சல்காரர். ஆனாலும் நான் போனை எடுத்து சிக்னல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கரை தெரிந்ததும் சிக்னல் கிடைத்தது. போனை அணைக்கச் சொன்னதையும் மீறி வீட்டுக்கு அழைத்தேன். மனைவி எடுப்பாள் என்று நினைத்தேன். இதய நோயாளியான அப்பா எடுத்தார்.

"எப்பா, பிளேன்ல கோளாறு. இறங்குவமான்னு தெரியல்ல. பிள்ளையள பாத்துக்கிடுங்க."

"ஏலே மக்கா, என்னலே சொல்லுக?" என்றார். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து விமானம் பத்திரமாக இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மறுபடி அழைத்தபோது மனைவி அழுதாள். கையில் போனோடு அப்பா நாற்காலியிலேயே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இப்போதெல்லாம் விமானம் ஏறியதும் போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுகிறேன். கால் தரையில் பட்ட பிறகே வீட்டுக்கு அழைக்கிறேன்.

அன்று அப்பாவிடம் என்ன சொன்னேன் என்று மனைவி கேட்கவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. இதைப் படித்தாவது அவள் தெரிந்துகொள்ளட்டும்.