குறைத்துச் சொன்ன வாக்குமூலம்

கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், நான் இருபத்தெட்டு வருஷம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் எங்களை முதலியார் என்று அழைப்பார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீடு. காலையில் கோச்சியில், அதுதான் ரயிலில், கோட்டைக்குப் போய், அங்கிருந்து நடந்து போவேன். தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர். அதைவிடப் பெரியது என்னிடமிருந்த பெருமை.

பெயர் கிடைத்தது சுருக்கத்தால். எங்கள் சனத்திடம் மாடு யாருடையது என்று கேட்டால், அந்த மாட்டின் தாயை வாங்கிய சந்தையிலிருந்து தொடங்குவார்கள். நீதவான் துரை பேனாவால் மேசையைத் தட்டத் தொடங்கிவிடுவார். நான் முழுவதையும் கேட்டுவிட்டு, “தன்னுடைய மாடு என்கிறார்” என்று ஒரே வரியில் முடிப்பேன். புதிதாக வந்த முதலியார்மாரும் என்னைப் பார்த்துத்தான் பழகினார்கள். சுற்றி வளைப்பதை வெட்டு, அழுகையை விடு, மிச்சத்தை நல்ல ஆங்கிலத்தில் வை. இதைப் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை.

சொன்ன முதல் ஆள், மறியற்சாலை என்ற பெண்கள் சிறையில் காவல் பார்த்த ஒரு மலாய்ப் பெண். நான் இங்கே எழுத வந்தது அவரைப் பற்றித்தான். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று விளங்க வேண்டுமானால் நான் ஆடிய கூத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தி மட்டக்குளியில் ஒரு மீன்பிடிகாரனின் மனைவி தன் கிடுகு வீட்டுக்குத் தானே மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தாள். காற்று அடித்து நெருப்பு பக்கத்து வீட்டிலும் பிடித்தது. அங்கே பாயோடு கிடந்த ஒரு கிழவர் வெளியே வர முடியாமல் இறந்துபோனார். இரண்டு வீட்டுக்கும் முன்பே கிணற்றடிச் சண்டை இருந்தது என்று அயலவர்கள் சாட்சி சொன்னார்கள். பகை தீர்க்கவே வைத்தாள் என்று பொலிஸ் கொலை வழக்குப் போட்டது. குற்றம் நிரூபணமானால் தூக்கு. அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.

நெருப்புக்கு மூன்று கிழமைக்கு முன்புதான் அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்து, சவக்காலையில் அடக்கம் செய்திருந்தார்கள். அதனால் அவளுக்குச் சித்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்கார டாக்குத்தரை மறியற்சாலைக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்க்க நான். சித்தம் சரி என்று அவர் எழுதினால் வழக்கு நடக்கும். சரியில்லை என்று எழுதினால் கயிற்றுக்குப் பதிலாக ஆஸ்பத்திரி.

ஒரு சின்ன அறை. டாக்குத்தர் மேசையில், நான் பக்கத்தில், அவள் முன்னால் ஒரு வாங்குப் பலகையில். அவளுக்குப் பின்னால் அந்தக் காவல்காரப் பெண், காக்கி உடுப்பும் தலையில் முக்காடுமாக நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மாளிகாவத்தையில் வீடு, பட்டாளத்தில் இருந்த புருஷன் இறந்தபின் இந்த வேலைக்கு வந்தவர். மறியல்காரிகள் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவதைக் கேட்டேன்.

ஏன் நெருப்பு வைத்தாய் என்று டாக்குத்தர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“புள்ளைக்குக் குளிருது ஐயா,” என்றாள் அவள். “சவக்காலையில மண்ணெல்லாம் ஈரம். காலையில இருந்து கூப்பிடுது. வாய்க்குள்ள மண். மூட்டு, வாறன் எண்டு சொல்லிச்சுது. மூட்டினன். வரயில்ல. இப்பவும் கூப்பிடுது, உங்களுக்குக் கேக்கயில்லையா?”

இன்னும் நெடுநேரம் சொன்னாள். இதையெல்லாம் நான் அறியாதவனா? எங்கள் பெண்கள் செத்த வீட்டில் சொல்லாத ஒப்பாரியா? மண்ணுக்குள் இருந்து கூப்பிடுகிறாயா என்று கேட்டு அழாத தாய் உண்டா? அழுகையை விடு என்ற என் சட்டப்படி அத்தனையையும் தள்ளிவிட்டு, “பிள்ளைக்குக் குளிராக இருந்ததால் நெருப்பு மூட்டியதாகச் சொல்கிறார்” என்று துரைக்கு ஒரு வரி கொடுத்தேன்.

டாக்குத்தர் கடதாசியைப் புரட்டினார். “பிள்ளை அதற்கு முன்பே இறந்துவிட்டதே. அப்படியென்றால் இவள் பொய் சொல்கிறாள்,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கேள்விக்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறாள், சாக்குச் சொல்லவும் தெரிந்திருக்கிறது, சித்தம் தெளிவு. எனக்கு உள்ளே ஏதோ குத்தத்தான் செய்தது. பொய்யா மெய்யா என்று பார்ப்பது முதலியாரின் வேலையல்ல என்று அதை அடக்கிவிட்டேன்.

நான் வாசல் படலையடிக்கு வருவதற்குள் அந்தக் காவல்காரப் பெண் பின்னால் வந்துவிட்டார்.

“மொதலியார், கொஞ்சம் நில்லுங்க. அவள் சென்னதில பாதி தொரைக்குப் போகல்ல.”

“உமக்கு இங்கிலீஷ் தெரியுமோ?” என்றேன்.

“பேசத் தெரியா. கேட்டா வெளங்கும். மண்ணு போகல்ல. கூப்பிடுது எண்டாளே, அதும் போகல்ல.”

“அது ஒப்பாரி. எங்கட பொம்பிளையள் வழக்கமாச் சொல்லுறது. அதையெல்லாம் துரைக்குச் சொல்லேலுமோ?”

“ஒப்பாரி சொல்ற பொம்பள அழுவாள், மொதலியார். இவள் அழல்ல. நீங்க அவள்ட மொகத்தப் பாக்கல்லயே. தொரைட மொகத்தப் பாத்துக்கொண்டுதானே நிண்டீங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நீர் மறியலைப் பாரும், மொழிபெயர்ப்பை நான் பாக்கிறன்,” என்று சொல்லிவிட்டு நடந்தேன். கோச்சியில் ஏறியும் கோபம் ஆறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் எனக்குத் தமிழ் சொல்லித் தருவதா என்று கறுவிக்கொண்டே வந்தேன். பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான் உறைத்தது. அவள் அழவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லையா என்று என்னிடம் கேட்டபோது, பதிலுக்குக் காத்திருந்தாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெடப்போவது இன்னொருத்தியின் கழுத்து. அது தெரிந்தும் மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். பயம்தான், வேறென்ன? பிழையை ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷத் தீர்ப்புகளில் எத்தனை உன் சுருக்கத்தின் மேல் நிற்கின்றன என்று யாராவது கேட்பார்களே. நான்காம் நாள் மறியற்சாலைக்குப் போனேன்.

காவல்காரப் பெண் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். விசர், சித்தம் பேதலித்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அந்த நாளில் தனி அறையில் பூட்டிவைப்பதுதான் வழக்கம். இவரோ தன் காவல் நேரம் முழுவதும் அந்த அறைக்குள்ளேயே போய் இருந்தார். பிள்ளைக்குக் குளிருது என்று அவள் தொடங்கினால், இல்லை என்றும் சொல்லமாட்டார், ஓம் என்றும் சொல்லமாட்டார். “நீ இன்னும் குளிக்கல்ல, வா,” என்று கூட்டிக்கொண்டு போவார். சாப்பிட மறுத்தால் தானும் சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் இருப்பார். இதை அவருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

“அவ சொன்னதுகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டேன். அன்றைக்குத்தான் என் வாயில் ‘நீர்’ போய் ‘நீங்கள்’ வந்தது.

“எழுதுங்க,” என்றார்.

மறியலுக்கு வந்தது தொடக்கம் பதினாலு நாள் அவள் பேசியதை நாள் நாளாகச் சொன்னார். எங்கே பேச்சு நின்றது, எங்கே சிரித்தாள், எந்தச் சொல்லை மூன்று தரம் சொன்னாள், எல்லாம் வந்தது. எனக்குக் கைதான் வலித்தது; அவர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

“சின்னதில குர்ஆன் ஓதப் படிச்சது வெளங்காத பாஷை, மொதலியார். ஒரு எழுத்து உட்டாலும் லெப்பை அடிப்பாரு. வெளங்கிற பேச்சில எப்பிடி நான் உடுற?”

அதுவரை இருபது வருஷம் நல்ல ஆங்கிலம் பேசியவன் அதைக் கேட்டு வெட்கப்பட்டேன். அந்தக் கடதாசிகளை எடுத்துக்கொண்டு டாக்குத்தரின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

“அன்றைக்கு இதை ஏன் சொல்லவில்லை?”

“தேவையில்லாத பேச்சு என்று நினைத்தேன், சேர்.”

“அதைக் கேட்கத்தான் நான் வந்தேன், முதலியார்,” என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. மறுநாள் திரும்பவும் வருவதாகச் சொன்னார்.

மறுநாள் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். “குளிர் என்கிறாள். இப்போது பேசாமல் இருக்கிறாள். மண் என்கிறாள். சிரிக்கிறாள். துரைக்குக் கேட்கிறதா என்கிறாள்.” எழுவாயும் பயனிலையும் சேராத அந்த ஆங்கிலத்தை ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால் பேச எனக்கு நா கூசியது. பின்னால் நின்ற காவல்காரப் பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும், “மூணு தரம் சென்னாள்,” என்று திருத்தினார். நானும் மூன்று தரம் சொன்னேன். டாக்குத்தர் பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். வழக்கு நிறுத்தப்பட்டு அவளை விசராஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அவள் விஷயத்தில் காவல்காரப் பெண்ணின் வேலை அதோடு முடிந்தது. ஆனால் மாதம் ஒரு தரம், லீவு நாளில், பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார் என்று பிறகுதான் அறிந்தேன். அவளுடைய புருஷன் ஒரு தரமும் போகவில்லை. நீர்கொழும்பில் வேறு குடும்பம் என்று கேள்வி.

ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு, அவளை வெளியே விடலாமா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் மூன்று பெரிய மனிதர்கள் கூடினார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். என்னை நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

நடந்தது தெரியுமா என்று கேட்டார்கள்.

“என்ட புள்ள செத்துப்போச்சு,” என்றாள். “நான் நெருப்பு வெச்சன். அந்தத் தாத்தா வெந்து செத்தார். அவருக்கு நான் ஒவ்வொரு நாளும் செபம் சொல்லுறன்.” சொல்லிவிட்டு அழுதாள். அழுகிறாள் என்பதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெளியே விட்டால் பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். அவள் குனிந்துகொண்டாள். சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. ஒருவரும் இல்லையென்றால் விட முடியாது, அதுதான் சட்டம். அவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது கதவடி வாங்கிலிருந்து அந்த மலாய்ப் பெண் எழுந்து வந்தார். பென்சன் எடுத்துவிட்டார்; காக்கி இல்லை, சாதாரணச் சீலை.

“என்ட வீட்டுக்கு அனுப்புங்க, தொர,” என்றார்.

இந்தப் பெண்ணுக்கு நீ என்ன உறவு என்று நடுவில் இருந்தவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“ஒறவு ஒண்டுமில்ல. இவளப் பூட்டி வெச்ச ஆள் நான்.”