இடைவேளையில் ஒரு பதில்

அமெரிக்காவில் புத்தகம் எழுதிப் படமும் எடுக்கும் அந்த இந்தியப் பெண், ஜேர்மனியின் எசன் நகரில் எங்கள் ஈழத்தமிழர் மண்டபத்துக்குத் தன் படத்தோடு வந்திருந்தார். குட்டை முடி, பெரிய கண்ணாடி. திரையைப் பாராமல், படம் பார்ப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் அவருடைய தாயின் நோயைப் பற்றியது. அதில் இடைவேளை கிடையாது. எங்கள் ஆட்கள் வழக்கப்படி பாதியில் நிறுத்தித் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார்கள்.

"பிள்ளை, அம்மா இப்ப சுகமா இருக்கிறாவோ?" என்று வயதான ஒரு அக்கா அவரிடம் கேட்டார்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சுகமா இருக்காங்க."

"அப்ப சரி. வடையைச் சாப்பிடும், ஆறப்போகுது."

அந்தத் தாய் இறந்த திகதியை அவருடைய புத்தகத்திலிருந்து நான் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தேன். யார் பிழையாகச் சொன்னாலும் உடனே திருத்துகிறவன் நான். அன்று வாயைத் திறக்கவில்லை.

மறுபடி விளக்கை அணைத்தபோது, அவர் அக்காவின் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார்.