பக்கத்துத் தோட்டமும் தூரத்து லாரியும்

ஆஸ்பத்திரிச் சமையலறையில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. நோயாளிகளின் சாப்பாடு முழுக்க அவள் பொறுப்பு. வெளியூரிலிருந்து அங்கே காய்கறி கொண்டுவந்த லாரியை ஓட்டியவர் அவள் கணவர். "பொண்டாட்டி அடுப்புக்கு மலை தாண்டி மூட்டை சுமக்கறவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்து லாரி வழியிலேயே நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது கூடைக்குக் கூடை அழுகல். காய்ச்சலில் கிடந்தவர்களுக்குப் பருப்பு வேகவைத்த தண்ணீரை மட்டும் ஊற்றிக் கொடுக்க அவளுக்குக் கை கூசியது. சுற்றிலும் தோட்டங்கள் இருக்க, காய்க்கு ஏன் அவ்வளவு தூரம் கையேந்த வேண்டும்? மழை விட்டதும் தோட்டக்காரர்களைத் தேடிப் போனாள்.

கீரையை ஒரேயடியாக விதைக்காமல், பாத்தி பாத்தியாக நாள் தள்ளி விதைக்கச் சொன்னாள். தக்காளி மலிந்த கோடையில் அதைப் பிளந்து, உப்புத் தூவி மொட்டைமாடியில் காயவைத்தாள். கிழங்குகளை மணலில் புதைத்தாள். காம்போடு அறுத்த பூசணிகளை ஸ்டோர் ரூம் பலகைகளில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினாள். முதல் வருஷம் தக்காளி வற்றலில் பாதி பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனது. "மறுபடியும் பூசணியா?" என்று நோயாளிகள் முகம் சுளித்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த வருஷம் விட்டதைப் பிடித்தாள்.

நிர்வாகத்துக்கு வாயெல்லாம் பல். லாரியை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்து, முதலில் அவளிடம்தான் சொன்னார்கள். வீட்டில் வாய் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவருக்குச் சேதி லாரி ஷெட்டில் கிடைத்தது. வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"யாரோ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

"சொன்னா தோட்டக் காய் வாங்கறத நிறுத்தச் சொல்வீங்களோன்னு பயந்தேங்க. நிறுத்த எனக்கு மனசு வரல."

"நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த அழுகின கூடைய எல்லாம் இறக்கினது நான்தானே? எனக்குத் தெரியாதா?" அவர் வாசல் பக்கம் திரும்பினார். "நீ என்னை இவ்வளவுதான் புரிஞ்சு வச்சிருக்க."

தோட்டங்களிலிருந்து காய் ஏற்றிவரும் வேலையை அவருக்குக் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னாள். அவரோ அந்த வாரமே வேறொரு முதலாளியிடம் சிமென்ட் லாரிக்குப் போனார். அதிலிருந்து பெரும்பாலும் வெளியூர்தான். வீட்டுக்கு வந்தால் அவள் வைப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிடுவார். ஆஸ்பத்திரிப் பேச்சு எழுந்தால் மட்டும் தட்டிலிருந்து தலை நிமிராது.

இப்போது அந்தச் சமையலறையில் வருஷம் முழுக்கப் பக்கத்துக் காய்தான். மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். மணலில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதுவரை அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள். "வீட்ல அண்ணனுக்கு ரொம்பப் பெருமையா இருக்குமேக்கா?" என்று ஒரு நர்ஸ் கேட்டபோது, "கீரை வாடுது, தண்ணி தெளிக்கணும்" என்று சொல்லி நகர்ந்துவிட்டாள்.