ஒற்றை விளக்கு ஸ்டுடியோ

படம் பிடிக்கும் தொழிலில் காமிராவுக்கு முன்னால் நம் வாய்தான் தேய்கிறது. கையில் காசில்லாமல் ஸ்டுடியோ தொடங்கி அல்லல்படும் சக பாவிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் எனக்கு நெகடிவ் டச்சிங் வேலை. கறுத்த முகங்களை நெகடிவில் பென்சிலால் தேய்த்து வெளுக்க வேண்டும். ஆறு வருஷம் தேய்த்தேன். ஒருநாள் என் நிறத்திலேயே இருந்த ஒரு பெண்ணின் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பொத்துக்கொண்டு வந்தது கோபம். பென்சிலை மேஜையில் போட்டுவிட்டு, சேலையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் சொந்த ஸ்டுடியோ தொடங்கினேன். அந்த அறையை ஒரு ட்யூஷன் வாத்தியாருக்கு வாடகைக்கு விடுவதாக இருந்த அண்ணன், "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. ஓடலைன்னா மரியாதையா பழைய வேலைக்குப் போயிடு" என்றார்.

வெள்ளையில் வெள்ளை

திரை வாங்க வசதியில்லை. கட்டில் விரிப்பு இருக்கிறதே என்று வெள்ளை வெளேரென்று துவைத்து, இஸ்திரி போட்டு, சுவரில் கட்டினேன். முதல் கிராக்கி, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய ஒரு சிறுமி. வெள்ளை கவுன், வெள்ளை முக்காடு, வெள்ளைக் கையுறை. சர்ச்சிலிருந்து நேரே அழைத்து வந்திருந்தார், அவள் அப்பா. பள்ளிக்கூட வாத்தியார்.

ஆறு வருஷ அனுபவம் உள்ளவள்தான், அந்த நேரத்தில் எனக்கு மூளை எங்கே போயிற்றோ தெரியவில்லை. பிரின்ட் எடுத்தால் ஒரு முகம் அந்தரத்தில் சிரிக்கிறது. வாத்தியார் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மிகவும் பொறுமையாகக் கேட்டார்: "முகம் வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். மீதிப் பொண்ணு எங்கேம்மா?"

கம்பளி

மறுநாளே மார்க்கெட் நடைபாதையில் ஒரு பழைய பட்டாளத்துக் கம்பளி வாங்கினேன். சாம்பல் நிறம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சாம்பல் நிறத்துக்கு முன்னால் வெள்ளை கவுனும் தெரியும், கறுப்பு கோட்டும் தெரியும். கம்பளியில் வெளிச்சம் பட்டுப் பளபளக்காது. ஆளைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி உட்காரவைத்தால் அதன் ஓட்டைகூடத் தெரியாது.

என் பழைய முதலாளியிடம் மாடிப்படியும் மயிலும் வரைந்த திரை உண்டு. குன்றத்தூரிலிருந்து ஒரு கல்யாண ஜோடி அதைத் தேடிக்கொண்டு, வழி தவறி என்னிடம் வந்துவிட்டது. மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாமா இது? பட்டுப் பொடவ கட்டிக்கினு வந்தா, போத்திக்கினு படுக்கறத மாட்டி வெச்சிகீற!"

பேசின்

விளக்குக்கு இரண்டு அலுமினிய பேசின்கள் வாங்கி, நடுவில் துளை போட்டு, பெரிய பல்புகளை மாட்டினேன். வெளிச்சத்தின் கடுமை குறைய, அண்ணனின் பழைய மல் வேட்டியை முன்னால் கட்டினேன். பல்பை ஒட்டிக் கட்டியதில் வேட்டி கருகிவிட்டது. ஒரு முழம் தள்ளிக் கட்டுங்கள்.

இரண்டையும் இரண்டு பக்கமும் எரியவிட்டால் முகம் தட்டையாகிவிடும். ஆகவே ஒன்றை அணைத்தேன். எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பிவிட, ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினேன். மூக்குக்கு மூக்கும், கன்னத்துக்குக் கன்னமும் திரும்ப வந்தன. அதோடு பவுடர் டப்பாவையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இங்கே வருகிறவர்கள் குழாயடியில் முகம் கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும். வேவு பார்க்க வந்த பழைய முதலாளி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். "பவுடர் இல்லை, சீனரி இல்லை, இருக்கற லைட்டையும் அணைச்சுட்டே. நாற்காலிய மட்டும் ஏம்மா விட்டு வெச்சிருக்கே?"

காபி

டிசம்பர் பிறந்தது. ட்யூஷன் வாத்தியார் ஒரு நாள் வந்து, கரும்பலகை மாட்டச் சுவரை அளந்துவிட்டுப் போனார். அந்த வாரம்தான் முடிச்சூரிலிருந்து ஓர் அம்மாள் தன் பெண்ணை அழைத்து வந்தாள். பெரிய ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பார்த்து மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்களாம். மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன்; அதில் இருந்த பென்சில் வேலை யாருடையது என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

ஒரே விளக்கில், கழுவிய முகத்தோடு எடுத்தேன். பெண் கறுப்புத்தான், அந்தக் கண்ணும் முகவாயும் அப்படியே உயிரோடு வந்திருந்தன. அம்மாள் பிரின்டைப் பார்த்ததும், "அய்யய்யோ, கறுப்பா கீறாளே! எனுக்கு வாணாம்" என்று திருப்பி நீட்டினாள். "நான் கறுப்புதாம்மா" என்று பெண் நடுவில் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "இதயே அனுப்பு. பாத்துட்டு வர்றவன் வரட்டும். வரலன்னா நமக்குக் காபி மிச்சம்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்

பல்லாவரத்திலிருந்து ஓர் அம்மாள் தன் இரண்டாவது மகனோடு வந்து இறங்கினாள். முடிச்சூர்ப் பெண்ணை மூத்தவனுக்கு நிச்சயம் செய்தாகிவிட்டதாம். "படத்துல இருந்த பொண்ணே வந்து நின்னுச்சும்மா. நாங்களும் ஏமாந்து ஏமாந்து அலுத்துட்டோம். இவனையும் உள்ளது உள்ளபடி எடுத்துக் குடு" என்றாள். அவள் பின்னாலேயே முடிச்சூரிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து வாசலில் செருப்பை விட்டார்கள்.

அண்ணன் எல்லாருக்கும் நாற்காலி கொண்டு வந்து போட்டார். கூட்டம் போன பிறகு அறைக்குள் வந்து, கம்பளியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ட்யூஷன் வாத்தியார வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டேன். ஆனா இத ஒரு தடவையாவது துவைச்சுத் தொலை."

மூன்றாவது விளக்கு வாங்கினால் தொழில் பிரமாதமாக நடக்கும் என்று இன்னமும் எனக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள். நான் இரண்டாவதையே அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.