வெள்ளித் தட்டுக்குப் பின்னால் வைத்த சந்தனம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். திருச்செங்கோட்டுப் பக்கம் பஞ்சு அரவை மில்லில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுத் தொழிலைத் தொடங்கி, பிறகு சேலத்தில் சொந்தப் பட்டறை வைத்தேன். ஒருவரும் கைதூக்கி விடவில்லை. சண்டைக் காலத்தில் சீமைச் சாமான் வருவது நின்றபோது, எந்த எஞ்சின் படுத்தாலும் என் பட்டறை வாசலில்தான் வண்டி வந்து நிற்கும். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு தம்பியும் அப்படித்தான் வந்தார்.

மோகனூர்க்காரர். கரும்பு விவசாயக் குடும்பம். அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இரும்புப் பலகை மேல் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். மேலே ஒரு வெள்ளித் தட்டு, கீழே ஒரு கண்ணாடித் துண்டு. நடுவில் அழுத்தமான கரண்டைப் பாய்ச்சினால் மிச்சம் இருக்கும் கொஞ்சக் காற்றும் ஊதா நிறத்தில் ஒளிரும். அந்த ஒளிக்குள்ளே வெள்ளி துகள் துகளாக உதிர்ந்து கண்ணாடி மேல் படியும். மயிரிழையை ஆயிரமாகக் கிழித்தாலும் அவ்வளவு மெல்லிசு வராது. அந்த ஒளியை ஒரு குழல் வழியே பார்த்தால் நிறம் நிறமாகக் கோடுகள் தெரியும். எந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, உள்ளே என்னென்ன வாயு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பம்பு என் கைவேலை. ஏலத்தில் வாங்கிய பழைய பம்பின் துருப்பிடித்த ஓட்டுக்குள் நானே அரம் போட்டுப் பித்தளைத் தகடுகள் பொருத்தினேன். சென்னையிலிருந்து வந்திருந்தால்கூட அப்படி உறிஞ்சியிருக்காது.

பூஜை விடுமுறைக்கு முன்னால் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வெள்ளிப் பூச்சு முகம் பார்க்கிற மாதிரி வந்தது. தம்பி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது சென்னையிலிருந்து கடிதம் காத்திருந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஒரு பெரிய புரொபசர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் சென்னையில் ஆராய்ச்சி மாணவராகச் சேரலாம். இல்லையென்றால் மோகனூர்தான். தம்பியின் அப்பா ஊரிலிருந்து வந்து சொல்லியே விட்டார்:

"ஏஞ்சாமி, கண்ணாடிக்குள்ள மின்னல உட்டு வேடிக்கை பாத்தது போதும். கரும்பு வெட்டு வருது. இந்த வர்ற ஆளு வேண்டாம்னுட்டா ஊட்டுக்கு வந்துரோணும்."

"வந்தர்றனுங்கப்பா" என்றார் தம்பி.

அன்று மதியம் ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கிக் கரண்டைப் போட்டோம். வெள்ளி கறுத்துப்போய் விழுந்தது. விரலால் தொட்டால் உரிந்து வந்தது. குழலில் பார்த்த தம்பியின் முகம் மாறியது.

"செகப்புல ஹைட்ரஜன் கோடு ஒண்ணு நிக்குதுங்கண்ணா. உள்ள தண்ணி ஆவி இருக்குது. பம்பு எங்கியோ ஒழுகுது."

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க தம்பி, நாஞ் செஞ்ச பம்பு ஒழுகுமா? எம் மேல சத்தியமா ஒழுகாதுங்க."

"சத்தியத்துக்குக் கோடு போவாதுங்களே."

இரண்டு நாள் பம்பைக் கழற்றி ஆணி ஆணியாகப் பார்த்தேன். ஒழுகவில்லை என்று காட்டுவதற்காகவே பார்த்தேன். பூட்டி ஓட்டினால் கோடு அதே இடத்தில் நின்றது. குடுவை ஒட்டுகிற மெழுகை மாற்றினோம். ஈரம் உறிஞ்சும் மருந்து வைத்தோம். கோடு போகவில்லை. மூன்றாம் நாள் தம்பி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டுக் காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார். வெளியிலிருந்து வராவிட்டால் வெள்ளிக்குள்ளிருந்துதான் வருகிறது, வெள்ளியே தன் வயிற்றில் அந்த வாயுவை அடக்கி வைத்திருக்கிறது என்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். அதைத்தான் புரொபசரிடம் கொடுக்கப் போகிறார்.

நாலாம் நாள் காலை. அவர் முன்னறையில் எழுதிக்கொண்டிருக்க, நான் குடுவையைத் தூக்கினேன். விடிகாலையில் ஓட்டிய சூடு தட்டில் இன்னும் இருந்தது. மெழுகு வாசனைக்கு அடியில் கோயில் வாசனை ஒன்று வந்தது. வெள்ளித் தட்டைத் தாங்குகிற பித்தளை வட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்தில் சந்தனம், அதன் நடுவே கருகிய குங்குமம்.

நான் வைத்ததுதான். ஆயுத பூஜையன்று பட்டறையில் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இங்கே வந்தேன். பம்புக்கு வைத்தேன், மோட்டாருக்கு வைத்தேன். குடுவைக்கும் வைக்காமல் போக மனசு வரவில்லை. கண்ணாடி மேல் விரல் படக்கூடாது என்று தம்பி ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அதனால் ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, உள்ளே, வட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்தேபோனேன்.

வட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க ஒரு நிமிஷம் போதும். பம்பைச் சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பேரும் எனக்கே வரும். ஆனால் முன்னறையில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. துடைத்துவிட்டால் நாளைக்கு அந்தக் கோடு வராது. வெள்ளிக்குள் வாயு என்று எழுதியவர் புரொபசர் முன்னால் பொய்யராக நிற்பார்.

"தம்பி, எழுதறத நிறுத்துங்க."

"இன்னும் ஒரு பக்கந்தானுங்க."

"அந்தப் பக்கம் வேண்டாமுங்க. தண்ணி வெள்ளிக்குள்ள இல்லீங்க. என்ற கையால வெச்சது."

எழுந்து வந்து வட்டை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "பூசை அன்னிக்குங்களா?"

"ஆமாங்க."

"நாலு நாளா பம்பு மேல சத்தியம் பண்ணுனீங்களே அண்ணா."

"பம்பு மேல இப்பவும் பண்றேனுங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுதிய தாள்களை நாலாக மடித்து அடுப்பில் போட்டார். வட்டைத் தேய்த்துக் கழுவிச் சுடவைத்து, பகல் முழுக்கப் பம்பை ஓட்டினோம். பொழுது சாயும்போது ஊதா திரும்பி வந்தது. சிவப்புக் கோடு இல்லை.

மறுநாள் வந்த புரொபசர் ஒடிசலான மனிதர், அதிகம் பேசாதவர். அவர் கண்முன்னே வெள்ளி பளபளவென்று படிந்தது. தலையை ஆட்டினார். பிறகு தம்பியின் சோதனை நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"நாலு நாளாக ஹைட்ரஜன் கோடு இருந்திருக்கிறது. நேற்று மறைந்துவிட்டது. ஏன்?"

தம்பி ஒளிக்காமல் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

"சந்தனம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? மெழுகை மாற்றினீர்கள், மருந்து வைத்தீர்கள், வட்டைச் சுட்டீர்கள். எல்லாம் செய்துவிட்டு ஒன்றின் மேல் பழி போட்டால் ஆயிற்றா?"

புரொபசர் என் பக்கம் திரும்பினார். "இன்னும் சந்தனம் கிடைக்குமா?"

பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் இழைத்து, இலையில் வாங்கி வந்தேன். அதே கை, அதே இடம், அதே அளவு என்றார். குங்குமமும் வைக்கச் சொன்னார். அப்படியே வைத்தேன். கோடு வராவிட்டால் தம்பி சொன்னது சாக்குப்போக்கு, நான் சொன்னது உளறல்.

ஈரச் சந்தனம் பம்பை வெகுநேரம் திணற வைத்தது. கரண்டைப் போட்டதும் ஒளி மங்கலாகச் சிணுங்கியது. புரொபசர் குழலில் கண்ணை வைத்தார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வட்டு சூடேறச் சூடேற ஊதா நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ரோசாவாக மாறுவது எனக்கு வெறுங்கண்ணிலேயே தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எழுதிக்கொள்" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "சிவப்பு. அதே இடம்."

தம்பி எழுதினார். புரொபசர் நிமிர்ந்து, "சென்னைக்கு வரும்போது இந்த நோட்டையும் கொண்டு வா" என்றார். இலையில் மிச்சம் இருந்த சந்தனத்தை எடுத்துத் தன் மணிக்கட்டில் தடவிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

தம்பி அதற்கப்புறம் எங்கெங்கோ போய், இதே பூச்சிலும் இதே ஒளியிலும் பெரிய ஆளாகிவிட்டார். அவருடைய ஆராய்ச்சிப் புத்தகம் அச்சானதும் கொண்டுவந்து காட்டினார். அந்தச் சந்தனச் சமாச்சாரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். என் பேரைத் தேடினேன். இல்லை.

"ஏனுங்க, கண்டுபுடிச்சவன் பேரு போடலீங்களா?"

"போட்டா, சந்தனம் வெச்சவன் பேருன்னும் அதையே போடோணுமுங்களேண்ணா."

சரி விடுங்க, பம்பு செஞ்சவன் பேராவது போட்டிருக்கலாம் என்றேன்.